கார்பனா, அலுமினியமா: கடலோரத்துல குடியிருக்கப்போற ஒரு மலை சைக்கிள்

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது.)

திருவொற்றியூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட்டை வச்சுத்தான் இன்னைக்கு எபிசோட். விஷயம் இதுதான். ரெண்டு வருஷமா சம்பளத்துல இருந்து காசு ஒதுக்கி வச்சிருக்கார். எண்டியூரோ வகை மலை சைக்கிள் வாங்கணும். ஒரே மாடல்ல அலுமினிய ஃபிரேமும் இருக்கு, கார்பன் ஃபிரேமும் இருக்கு. கார்பன் ஒரு லட்சத்துக்கும் மேல அதிகம். அவரோட அப்பா எண்ணூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில வெல்டர். அப்பாவோட தீர்ப்பு: "ஃபைபரெல்லாம் பிளாஸ்டிக்குடா, உடைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். அலுமினியம்னா நாளைக்கு விரிசல் விட்டாலும் நானே டிக் வெல்டு வச்சுக் குடுத்துடுவேன்."

அப்பா சொன்ன காரணம் ரெண்டும் தப்பு. ஆனா அவர் வந்து சேர்ந்த முடிவு, இந்த நேயரைப் பொறுத்தவரைக்கும், சரி. அது எப்படின்னு சொல்றதுக்குத்தான் இந்த அரை மணி நேரம்.

முதல்ல எண்டியூரோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. மலை மேல ஏறுறதுக்கு நேரக் கணக்கு கிடையாது, இறங்குறதுக்கு மட்டும்தான் ஸ்டாப்வாட்ச். ஆனா ஏறுறதும் சொந்தக் கால்லதான் ஏறணும். 2013-ல இதுக்குன்னு ஒரு உலகத் தொடர் ஆரம்பிச்சாங்க, 2023-ல இருந்து அது யூசிஐ உலகக் கோப்பையா நடக்குது. சைக்கிள்ல முன்னாடியும் பின்னாடியும் சஸ்பென்ஷன், ஏறக்குறைய 150-ல இருந்து 170 மில்லிமீட்டர் வரைக்கும் அமுங்கும். மொத்த எடை 15 கிலோ பக்கம். பாறை, வேர், பள்ளம்னு எல்லாத்துலயும் வேகமா விட்டு இறக்குறதுக்கான வண்டி. எண்ணூர்ல இருந்து பழவேற்காடு வரைக்கும் தேடினாலும் இதுக்கேத்த மேடுன்னா மேம்பாலம்தான். அதனால இவர் வருஷத்துக்கு மூணு நாலு தடவை ஊட்டி, கொடைக்கானல் பக்கம் எடுத்துட்டுப் போய் ஓட்டுவார். மிச்ச நாளெல்லாம் வண்டி திருவொற்றியூர் வீட்டு வராண்டாவுல நிக்கும்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. வருஷத்துல பதினஞ்சு நாள் மலையில ஓடுற வண்டி, முந்நூத்தைம்பது நாள் கடல் காத்துல நிக்குது. சைக்கிள் ரிவ்யூ எதுலயும் இந்தக் கணக்கு வராது.

சரி, அப்பாவோட வெல்டிங் வாதத்துக்கு வருவோம். அவர் பேசுறது ஸ்டீல் அறிவு. நம்ம ஊர்ல சைக்கிள்னாலே ஸ்டீல்தான். அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் 1949-ல ஆரம்பிச்ச காலத்துல இருந்து ரெண்டு மூணு தலைமுறைக்கு ஹெர்குலஸ், பிஎஸ்ஏன்னு ஓட்டினதெல்லாம் ஸ்டீல் குழாய். அது உடையறதுக்கு முன்னாடி வளையும், வளைஞ்சா தட்டி நிமித்தலாம். விரிசல் விட்டா ராயபுரத்துல எந்தப் பட்டறைக்கும் தூக்கிட்டுப் போகலாம். இன்னொரு நல்ல குணமும் ஸ்டீலுக்கு இருக்கு: ஒரு அளவுக்குக் கீழ இருக்கிற அழுத்தத்தை எத்தனை லட்சம் தடவை குடுத்தாலும் அது களைச்சுப் போகாது.

அலுமினியம் பார்க்க ஸ்டீல் மாதிரியே இருக்கு, அதனால அதே புத்தின்னு நினைச்சுடுறோம். அது அப்படி இல்லை. அலுமினியத்துக்கு அந்தப் பாதுகாப்பான கீழ் எல்லை கிடையாது. ஒவ்வொரு சின்ன அதிர்ச்சியும் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். நல்ல ஃபிரேம்ல அந்தக் கணக்கு பல வருஷம் தாங்கற மாதிரி கனமா டிசைன் பண்ணியிருப்பாங்க, அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம் சூட்டுப் பதம். சைக்கிள் ஃபிரேம்ல அதிகமா வர்ற 6061 அலுமினியத்தை வெல்டு பண்ணி முடிச்சதும், முழு ஃபிரேமையும் ஏறக்குறைய 530 டிகிரி வரைக்கும் சூடாக்கி, சட்டுன்னு குளிர்விச்சு, அப்புறம் 170 டிகிரி பக்கத்துல பல மணி நேரம் வச்சு எடுப்பாங்க. இதுக்குப் பேர்தான் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற டி6. அந்தப் பதத்துலதான் பலமே இருக்கு. விரிசல் விட்ட இடத்துல பட்டறையில டிக் வெல்டு வச்சா, வெல்டுக்கு ரெண்டு பக்கமும் அந்தப் பதம் போயிடும், பலம் ஏறக்குறைய பாதியா இறங்கிடும். பழையபடி பதம் ஏத்த முழு ஃபிரேமும் உள்ள போற உலை வேணும். அதுல குழாய் கோணாம இருக்க ஜிக் வேணும். அப்பா எவ்வளவு நல்ல வெல்டரா இருந்தாலும் அவர் வைக்கிற பீடு பிடிக்கும், பக்கத்துல இருக்கிற உலோகம்தான் விட்டுடும். எங்க விட்டுடும்? பெரும்பாலும் ஹேண்டில்பார் உட்கார்ற ஹெட் டியூப் பக்கத்துல, நீங்க இறக்கத்துல நாப்பது கிலோமீட்டர் வேகத்துல இருக்கும்போது. கேட் கதவுக்கு வைக்கிற வெல்டு இங்க உதவாது. அப்பாகிட்ட இதை நேரா சொல்லுங்க. 'வெல்டு பக்கத்துல மெத்துனு ஆயிடும்'னு சொன்னா அவருக்கே புரியும். வேலையில பார்த்திருப்பார்.

இப்ப "ஃபைபர் உடைஞ்சா தூக்கித்தான் போடணும்". இதை வடசென்னையில இருந்து ஒருத்தர் சொல்றதுதான் எனக்கு ஆச்சரியம். காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்க. ஒரு காலத்துல கட்டுமரம் இருந்த கரையில இன்னைக்கு நிக்கிறது ஃபைபர் போட்டு. 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா வந்த படகுகள்லயும் பெரும்பங்கு ஃபைபர்தான். பாறையில இடிச்சு ஓட்டை விழுந்தா யாராவது போட்டைத் தூக்கிப் போடுறாங்களா? உடைஞ்ச இடத்தைச் சுத்தி கிரைண்டர்ல சரிவா தேய்ச்சு எடுத்து, மேட் வெட்டி வச்சு, ரெசின் பூசி, அடுக்கு மேல அடுக்கா ஏத்தி, காயவிட்டு, திரும்பத் தேய்ச்சுக் கடலுக்கு அனுப்புறாங்க.

கார்பன் ஃபிரேமும் இதே குடும்பம். கண்ணாடி இழைக்குப் பதிலா கார்பன் இழை, பாலியெஸ்டர் ரெசினுக்குப் பதிலா எபாக்ஸி. சரிசெய்யற முறையும் அதேதான்: சேதமான அடுக்கைச் சரிவா தேய்ச்சு எடுத்து, இழையோட திசை பார்த்துப் புது அடுக்கு ஏத்துறது. திசைன்னு சொன்னேன் இல்லையா, கார்பன்ல அதுதான் எல்லாமே. மூங்கிலை நீளவாக்குல பிளக்கறது சுலபம், குறுக்கே உடைக்கிறது கஷ்டம். கார்பன் தாளும் அப்படித்தான், இழை போற பக்கம் மட்டும்தான் பலம். எந்த இடத்துல எந்தக் கோணத்துல எத்தனை அடுக்குன்னு முடிவு பண்றதுலதான் ஃபிரேம் டிசைனரோட வேலையே இருக்கு.

இதைக் கேட்டுட்டு உடைஞ்ச ஃபிரேமைப் போட்டு ரிப்பேர் பண்றவர்கிட்ட எடுத்துட்டுப் போயிடாதீங்க. அவர்கிட்ட இருக்கிறது பாலியெஸ்டர் ரெசின், காய்ஞ்ச எபாக்ஸி மேல அது ஒழுங்கா ஒட்டாது. தவிர படகுல நாலு அடுக்கு கூடப் போட்டா தப்பில்லை, சைக்கிள் குழாய்ல அது வேற இடத்துல போய் அழுத்தத்தைச் சேர்க்கும். கார்பன் ஃபிரேமுக்குன்னே இருக்கிற ஆளுங்ககிட்டதான் போகணும். நான் சொல்றது ஒண்ணுதான்: கொள்கை அளவுல, விரிசல் விட்ட கார்பன் குழாயைக் காப்பாத்த முடியும். விரிசல் விட்ட அலுமினியக் குழாயைப் பெரும்பாலும் முடியாது. நம்ம பட்டறை அனுபவம் சொல்றதுக்கு நேர் எதிர்.

பலத்துல கார்பன் மட்டமா? இல்லை. ஐஎஸ்ஓ 4210 தரத்துல மலை சைக்கிள் ஃபிரேமுக்குப் பெடல் பக்கத்துல 1,200 நியூட்டன் விசையை ஒரு லட்சம் தடவை குடுத்துப் பார்ப்பாங்க. ரெண்டு உலோகத்துக்கும், தப்பு, ரெண்டு பொருளுக்கும் அதே பரீட்சைதான். சான்டா க்ரூஸ் கம்பெனி தன்னோட சோதனைக்கூடத்துல கார்பன் ஃபிரேமைக் கான்கிரீட் மேல அடிச்சு அடிச்சுக் காட்டின வீடியோ நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதேபோல அலுமினியம் மட்டமான்னா அதுவும் இல்லை. அன்டோரா நாட்டு கோமன்சால் அலுமினியத்தையே பிடிவாதமா பிடிச்சுக்கிட்டு இருக்கிற கம்பெனி. 2018-ல அமோரி பியெரோன் டவுன்ஹில் உலகக் கோப்பைத் தொடரை ஜெயிச்சது அவங்க அலுமினிய வண்டியிலதான்.

எடை? ரெண்டு ஃபிரேமுக்கும் வித்தியாசம் அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ. 700 கிராம்னு வச்சுக்குவோம். நீங்க 75 கிலோ, வண்டி 15 கிலோ, மொத்தம் 90. அதுல 700 கிராம்னா 0.8 சதவீதம் கூட இல்லை. ஒரு மணி நேர ஏத்தத்துல அரை நிமிஷத்துக்கும் கம்மியா மிச்சம். அந்த ஏத்தத்துக்கு நேரக் கணக்கே கிடையாதுன்னு முன்னாடியே சொன்னேன்.

இப்ப அந்த வராண்டா. கார்பன் துருப்பிடிக்காது, உண்மை. ஆனா கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியம் அதைத் தொட்டுக்கிட்டு இருந்து, நடுவுல உப்புத் தண்ணி சேர்ந்தா அது ஒரு பேட்டரி. அதுல கரையறது அலுமினியம். திருவொற்றியூர்ல ஏசி வச்சிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவுட்டோர் யூனிட்ல செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டி இருக்கும், கொஞ்ச வருஷத்துல தகடு பொடிப்பொடியா உதிரும். மெக்கானிக் பார்த்துட்டு "கடல் பக்கம் வீடு, அப்படித்தான் சார்"ம்பார். அதே வேதியியல்தான். போயிங் 787-ல எடைக் கணக்குல பாதி கார்பன் மாதிரியான கலவைப் பொருள்தான். அதுல கார்பனைத் தொடுற இடங்கள்ல அலுமினியத்தைத் தவிர்த்து விலை அதிகமான டைட்டானியம் போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

என் முதல் கார்பன் சைக்கிள்ல இதை நானே அனுபவிச்சேன். அதுல சீட் போஸ்ட் அலுமினியம். ரெண்டு மழைக்காலம் அதை வெளியில எடுத்துப் பார்க்கவே இல்லை, சோம்பேறித்தனம். மூணாவது வருஷம் உயரம் மாத்தலாம்னு திருகினா அசையலை. விளிம்புல வெள்ளையா பவுடர். அலுமினியம் ஆக்ஸைடா மாறும்போது உப்பும், குழாய்க்குள்ள ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். கடைசியில போஸ்ட்டை உள்ள இருந்து துண்டு துண்டா அறுத்து எடுத்தோம். பிளேடு ஃபிரேம்ல படாம இருந்தது அதிர்ஷ்டம். மாசம் ஒரு தடவை வெளியில எடுத்துத் துடைச்சு, கார்பனுக்கான அசெம்ப்ளி பேஸ்ட் தடவி வச்சிருந்தா அந்த வேலையே இல்லை. எண்டியூரோ வண்டியில வர்ற டிராப்பர் போஸ்ட் இன்னும் ஆழமா உள்ள போகுது, விலையும் அதிகம்.

அலுமினிய ஃபிரேம்ல அலுமினிய போஸ்ட்னா இந்த பேட்டரி பிரச்சினை கிடையாது. உப்பு அதையும் கொஞ்சம் அரிக்கும், குறிப்பா பெயின்ட் போன இடத்துல. ஆனா கண்ணுக்குத் தெரியற மாதிரி, மெதுவா. உண்மையைச் சொன்னா ரெண்டுலயுமே முதல்ல போறது ஃபிரேம் இல்லை, பின் சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ஸ்டீல் பேரிங். உப்பும் சாம்பல் தூசியும் சேர்ந்து அதைத் தின்னுடும். பேரிங் செட் விலையையும் பட்ஜெட்ல சேர்த்துக்கோங்க.

இன்னொண்ணு பயணம். நீலகிரி எக்ஸ்பிரஸ்ல மேட்டுப்பாளையம் வரைக்கும் லக்கேஜ் வேன்ல போட்டுத்தான் இவர் கொண்டு போவார். அங்க மேல மூட்டை ஏறும், பக்கத்துல மோட்டார் சைக்கிள் சாயும். கார்பன் பாறை அடியைத் தாங்கும், ஆனா ஒரே புள்ளியில கூர்மையா பக்கவாட்டுல நசுக்கினா உள்ள அடுக்கு பிரியலாம், வெளியில ஒண்ணுமே தெரியாது. நாணயத்தால தட்டிப் பார்த்து, நல்ல இடத்துல 'டிங்', கெட்ட இடத்துல மொத்தையான சத்தம்னு தேடணும். அலுமினியத்துல நெளிவு விழுந்தா அது அப்படியே முகத்துல அடிச்ச மாதிரி தெரியும்.

விலை பத்தி ரெண்டு வரி. இந்த வண்டிங்க இறக்குமதிதான். சைக்கிளுக்கான சுங்க வரியை 2023 பட்ஜெட்ல 30-ல இருந்து 35 சதவீதமா ஏத்தினாங்க. வரி சதவீதத்துல போடறதால கார்பனுக்குக் கூடுதலா குடுக்கிற காசுக்கும் சேர்த்து வரி கட்டுறோம்.

அதனால நேயருக்கு என் பதில்: அலுமினியம் வாங்குங்க. மிச்சமாகிற காசுல நல்ல டயர், நாலு பிஸ்டன் பிரேக், வருஷா வருஷம் சஸ்பென்ஷன் சர்வீஸ், முழங்கால் கார்டு. இறக்கத்துல உங்களுக்கு வித்தியாசம் தெரியறது இதுலதான். நீங்க கோத்தகிரியில குடியிருந்து, வாரம் நாலு நாள் ஓட்டுறவரா இருந்தா வேற பதில் சொல்லியிருப்பேன்.

ஆனா அலுமினியத்தை 'அப்பா வெல்டு வச்சுடுவார்'ங்கிற தைரியத்துல வாங்காதீங்க. ஒவ்வொரு மலைப் பயணத்துக்கு முன்னாடியும் வண்டியைக் கழுவிட்டு, டார்ச் அடிச்சு ஹெட் டியூப் கீழ, ஷாக் மாட்டுற இடம், செயின் ஸ்டே மூட்டு எல்லாத்தையும் பாருங்க. பெயின்ட்ல முடி மாதிரி கோடு தெரிஞ்சா, அதை நகத்தால தடவினா தட்டுப்பட்டா, ஓட்டுறதை நிறுத்துங்க. வாரன்டி இருந்தா கடைக்கு, இல்லைன்னா புது ஃபிரேமுக்கு.

கடைக்குப் போறப்போ அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. சேல்ஸ்மேன் எடை பத்தியும் கிராபிக்ஸ் பத்தியும் பேசிக்கிட்டு இருக்கட்டும். அப்பா ஃபிரேமைத் தலைகீழா திருப்பி வெல்டு பீடு ஒவ்வொண்ணா பார்க்கட்டும்: சீரா ஓடியிருக்கா, ஓரத்துல அரிப்பு விழுந்திருக்கா, முடிக்கிற இடத்துல குழி இருக்கா. அந்தக் கண்ணு எனக்குக் கிடையாது, அந்த சேல்ஸ்மேனுக்கும் கிடையாது.

அடுத்த எபிசோட்ல டிராப்பர் போஸ்ட் சர்வீஸ். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டாவே அனுப்புங்க.