படர்தாமரைக்குப் பத்தியம் போதுமா?

தொடையிடுக்கில், இடுப்பு மடிப்பில், அக்குளில் வட்டமாக ஒரு தடிப்பு. ஓரம் சிவந்திருக்கும், ராத்திரி அரிப்பு தூங்க விடாது. உடனே வீட்டில், "கத்தரிக்காயை நிறுத்து, கருவாட்டுப் பக்கமே போகாதே" என்று பத்தியம் ஆரம்பிச்சுடும். செல்போனில் தேடினால் இன்னும் நீளமான பட்டியல் வரும். இதில் எதை நம்புவது?

படர்தாமரை சாப்பாட்டால் வருவதில்லை. அது பூஞ்சைத் தொற்று. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தை உண்டு வளர்கிறது. வியர்வை, சரியாகக் காயாத உள்ளாடை, இறுக்கமான உடை, வீட்டில் எல்லாருக்கும் ஒரே துண்டு... இவைதான் அது பரவும் வழி. அதனால் எந்த உணவும் தனியாக இதைக் குணப்படுத்தாது. ஆனாலும் உணவுக்கு இதில் மூன்று வேலைகள் உண்டு.

சர்க்கரை கட்டுப்பாடு: ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும், ஆறவும் நாளாகும். திரும்பத் திரும்ப வருகிறதா? முதலில் சர்க்கரை அளவைப் பரிசோதித்துப் பாருங்க. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இனிப்பு, குளிர்பானம் தவிர்த்து, சோற்றின் அளவைக் குறைத்து, காய்கறியைக் கூட்டினால் சிகிச்சைக்கு அது பெரிய துணை.

புரதமும் கீரையும்: தோல் புதுப்பித்துக்கொள்ளப் புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம் தேவை. இதற்கு விலை உயர்ந்த பவுடர் எதுவும் வேண்டாம். முட்டை, மீன், பாசிப்பயறு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, ரேஷனில் வாங்கும் துவரம்பருப்பு போதும். பத்தியம் என்ற பெயரில் இவற்றை நிறுத்தினால் உடம்புக்குத்தான் நஷ்டம்.

மாத்திரையும் சாப்பாடும்: பலருக்கும் தெரியாத விஷயம் இது. கிரிசியோஃபுல்வின் மாத்திரை, கொழுப்புள்ள உணவோடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். இட்ராகொனசோல் கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போடணும். நெஞ்செரிச்சல் மருந்து எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிடுங்க, ஏன்னா அது இந்த கேப்சூலின் பலனைக் குறைக்கும். இந்த மாத்திரைகள் எடுக்கும் நாட்களில் மது கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம்.

அப்போ கத்தரிக்காய், கருவாடு? சாப்பிட்டதும் உங்களுக்கு அரிப்பு வருகிறது என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். அவர் மட்டும் தவிர்த்தால் போதும். பூஞ்சைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது சாப்பாட்டுக்கு அல்ல, மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புக்குத்தான். இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். 'சரியாயிடுச்சு' என்று நினைப்போம். ஆனால் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். தோல் மெலிந்து கோடு விழும். அடையாளமே மாறிப்போவதால் மருத்துவருக்குக்கூட கண்டுபிடிப்பது சிரமமாகிவிடும். அதேபோல, அரிப்பு நின்றதும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீங்க. சொன்ன நாள் வரை தொடரணும்.

வீட்டில் யாருக்கெல்லாம் அரிப்பு இருக்கோ, எல்லாரும் ஒன்றாகச் சிகிச்சை எடுங்க. துண்டு, உள்ளாடைகளைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் காய வையுங்க.

எங்கே போகலாம்?

அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் காட்டலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சர்க்கரைப் பரிசோதனை பற்றிக் கேளுங்க. சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.

மறைவான இடம் என்று கூச்சப்பட்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீங்க. சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் தீரும்.