சபையும் தோழமையும்

1910-ம் வருஷம் ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மகாநாடு கூடிற்று. அங்கே பேச எழுந்தவர்களுள் ஒருவர், திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் கிராமத்தில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. மிஷனரிமாரின் தியாகங்களை அவர் மறுக்கவில்லை, நன்றியுடனேயே எடுத்துரைத்தார். ஆனால் பொருளும் உழைப்பும் ஈந்தவர்கள் இன்னும் ஈயாத ஒன்று உண்டென்றும், அது நட்பேயென்றும் அச்சபையோர் முகத்துக்கு நேரே சொல்லி, அதனையே வேண்டினார்.

அதே 1910-ல், அதே திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலின் நடுவே நின்ற ஒரு சுவர் இடிக்கப்பட்டது. அக்கோயில் இரு கால்களாகப் பிரிந்து பீடத்தினருகே கூடும் அமைப்புடையது. ஒரு பக்கத்தில் வேளாளர் முதலிய வகுப்பினர், மறு பக்கத்தில் நாடார் முதலிய வகுப்பினர். பீடம் ஒன்று, பூசை ஒன்று, வேதம் ஒன்று; வழிபடுவோர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் காணலாகாது! சுவர் இடிந்ததும், இடித்தது தகாதென்று மேல்வகுப்பார் கோர்ட்டு ஏறினர். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை சென்றும் அவர்கள் கோரிக்கை பலிக்கவில்லை.

ஒரே ஆண்டின் இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன. கிறிஸ்தவ சபை மனிதனுக்கு உண்மையான தோழமையை, ‘இவன் நம்மவன்’ என்னும் உரிமையை, அளிக்கின்றதா? அல்லது பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் தர்மமும் அளித்து அவ்வளவில் நின்றுவிடுகின்றதா? நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும் இக்கேள்வி பழையதாகவில்லை.

முதலில் சபைக்குரிய பெருமையைச் சொல்லிவிடுவது நியாயம். மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்ட ஏழை ஜனங்களுக்குப் புகலிடமாக 1799-ல் உண்டானது திருநெல்வேலிச் சீமையின் முதலூர். ஊரை இழந்தவர்களுக்குச் சபையே ஊராயிற்று. பின்னர் அச்சீமையின் கிறிஸ்தவப் பெண்மக்கள், சோறாக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்கு அளிக்கும் வழக்கம் வேரூன்றியது. கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர். அரைவயிற்றுக் கஞ்சி குடிப்பவளும் கொடுப்பவளாகத் தலைநிமிர்ந்தாள். இதனைத் தோழமை அன்றென்று யார் சொல்லத் துணிவார்?

ஆயினும் தோழமைக்கு உரைகல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அன்று. ஆராதனையில் எல்லோரும் சகோதரரே. வீட்டுப் பந்தி, மணப்பந்தல், மயானம் ஆகிய மூன்றுமே உரைகல். இம்மூன்றிலும் பக்கத்தில் நிற்பவனே சகோதரன். மற்றவன் ஒரே கூரையின் கீழ் வந்துபோகும் வழிப்போக்கன்.

இந்த உரைகல்லில் சபை பலமுறை மாற்றுக் குறைந்தே காணப்பட்டது. 1833-ல் கல்கத்தாப் பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டுமென்று கட்டளை பிறப்பித்தார். அதற்குக் கீழ்ப்படிவதைக் காட்டிலும் சபையைவிட்டு விலகுவதே மேலென்று கருதியவர் வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் இந்த நூற்றாண்டிலும் விவாதப் பொருளாயிற்று. மண்ணுக்குள் போன பின்னும் விலகிப் படுக்க வேண்டுமாம்!

2008-ம் வருஷம் மார்ச்சு மாதம் அன்றைய விழுப்புரம் ஜில்லாவில் எறையூரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கலாம். கோயிலிலும் கல்லறையிலும் தங்களுக்குப் பாகுபாடு காட்டப்படுகிறதென்று முறையிட்ட தலித் கிறிஸ்தவர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கோரினர். வன்னியக் கிறிஸ்தவர் அதனை எதிர்த்தனர். பகை கலகமாக மூண்டு, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இருவர் மாண்டனர். ஒரே ஜெபமாலையைக் கையில் உருட்டுவோர் ஒருவரை ஒருவர் தாக்கிய இக்கொடுமைக்கு என்ன சமாதானம் சொல்வது? சேர்ந்திருக்கும் உரிமை கிட்டாதவன் பிரிந்து போகும் உரிமையைக் கேட்டான். அதுவும் அவனுக்கு எளிதில் கிட்டவில்லை.

சட்டத்தின் நிலை இதனினும் விசித்திரமானது. 1950-ம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவு, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை இந்துக்களோடு நிறுத்திற்று. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னையில் வீதியோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு கிறிஸ்தவர், தம்மைப் போன்ற தொழிலாளருக்குச் சர்க்கார் இனாமாக அளித்த பெட்டிக்கடை தமக்கு மட்டும் மதத்தின் காரணமாக மறுக்கப்பட்டதென்று சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார். பழைய இழிவு கிறிஸ்தவ சமூகத்துள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறதென்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 1985-ல் அவ்வழக்குத் தள்ளப்பட்டது. ஞானஸ்நானத்தோடு உன் சாதி போயிற்று என்கிறது சட்டம்; போகவில்லை என்கிறது கல்லறைச் சுவர். இரண்டுக்கும் நடுவே அந்த ஏழை, கடையுமின்றி, சமத்துவமுமின்றி நிற்கிறான்.

குருமார்கள் இதனை அறியாதவர்களல்லர். 2003-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், தமிழ்நாட்டுப் பிஷப்புமாரை ரோமாபுரியில் சந்தித்தபோது, கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமை கூடாதென்று வெளிப்படையாகக் கண்டித்தார். 2016-ல் இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புமார் பேரவை, தலித் கிறிஸ்தவர் முன்னேற்றத்துக்கென ஒரு கொள்கைப் பத்திரம் வெளியிட்டது. 2022-ல் ஹைதராபாத் ஆர்ச்பிஷப் அந்தோணி பூலா, தலித் வகுப்பினருள் முதல் கார்டினலாக உயர்த்தப்பட்டார். இவையெல்லாம் பாராட்டத்தக்கவையே. எனினும், சிகரத்தில் ஒருவர் ஏறியதனால் அடிவாரத்துப் பாதை திறந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

“எங்கள் புதிய பெந்தெகொஸ்தே சபைகளில் இத்தொல்லை இல்லை, வந்தவர் வந்த இடத்தில் அமர்கிறார்” என்று சிலர் கூறலாம். உண்மைதான். பட்டணத்தில் உறவற்று வாழும் தொழிலாளிக்கும் வேலைக்காரிக்கும் அவ்விடத்துப் பாட்டும் ஜெபமும் பெரிய ஆறுதல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவனின் பெயர் தெரியாதபோது, அவன் சாதி தெரியாமலிருப்பது பெருமையாகுமா? அது முகமறியாத கூட்டத்தின் சமத்துவம். அந்த வேலைக்காரி நான்கு வாரம் வரவில்லையென்றால் அவளைத் தேடி யார் போவார்? அவள் மகளுக்கு யார் பெண் கேட்டு வருவார்? இவற்றுக்கு விடை உள்ள இடமே சபை. இல்லாத இடம் வெறும் மண்டபம்.

இவ்வளவு கூறியபின், கிறிஸ்தவ சபையில் தோழமையே இல்லையென்று நாம் தீர்ப்புச் சொல்வோமென நேயர்கள் எதிர்பார்க்கலாம். அவ்வாறு சொல்ல மாட்டோம். வக்கீல் தொழில் கற்பித்த பாடம் ஒன்றுண்டு: அந்நியன் வீட்டில் எவனும் பாகம் கேட்டு வழக்காட மாட்டான், தன் வீடென்று நம்புகிறவனே கேட்பான். எறையூர்த் தலித் கிறிஸ்தவர் வேதத்தைத் துறந்து போகவில்லை. வேதத்துக்குள்ளேயே தம் பங்கைக் கேட்டனர். எடின்பரோவில் கசந்து பேசிய அசரியாவும் சபையைவிட்டு வெளியேறவில்லை. 1912-ல் தோர்ணக்கல் பிஷப்பாகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் என்னும் பதவியை வகித்து, ஏழை எளியவரிடையே உழைத்தார். இவர்கள் சபையிடம் கொண்ட நம்பிக்கை, சபை இவர்களிடம் காட்டிய அன்பைக் காட்டிலும் பெரிது. அந்த நம்பிக்கையே சபையின் மெய்யான மூலதனம். அதற்கு வட்டி கொடுப்பது இருக்கட்டும். முதலையே இழந்துவிடாதிருக்க வேண்டாமா?

ஆகவே, பிஷப்புமாரும் சபைத் தலைவர்களும் மேலும் ஒரு கொள்கைப் பத்திரம் எழுத வேண்டியதில்லை. ஊருக்கு ஒரே கல்லறைத் தோட்டம். எல்லாப் பிரேதத்துக்கும் ஒரே வீதி. சாதி கடந்து மணப்போருக்குக் குருவானவரின் வெளிப்படையான ஆதரவு. இம்மூன்றையும் செய்து காட்டட்டும்.

கிறிஸ்தவரல்லாத நம் தேசபக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. மதுரை மீனாக்ஷியம்மன் கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-ல், வடக்கன்குளத்துச் சுவர் இடிந்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே. அக்கோயிலின் சுவர் எந்தச் செங்கல்லால் கட்டப்பட்டதோ, அச்செங்கல் நம் சூளையில் சுட்டது. பிறர் வீட்டுச் சுவரைப் பார்த்து நகைப்பதற்கு முன், நம் வீட்டுப் பந்தியில் இன்று யார் பக்கத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக.