நெல் ஏற்றும் வண்டியில் பிரேக் பேட் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

அறுவடை நாட்களில் தஞ்சை மாவட்டக் கிராமங்களில் சிறிய சரக்கு வண்டிகளுக்கு ஓய்வே இருப்பதில்லை. களத்திலிருந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றுவது, உரக்கடையிலிருந்து யூரியா கொண்டு வருவது என்று எல்லாவற்றுக்கும் இந்த வண்டிதான். 2005-ல் டாட்டா ஏஸ் வந்த பிறகு, மாட்டு வண்டி நின்ற கொட்டகைகளில் பலவற்றில் இதுபோன்ற வண்டிகள் நிற்கின்றன. 40 கிலோ மூட்டையில் 18 ஏற்றினால் 720 கிலோ. அதற்கு மேல் ஏற்றாதவர் யார்?

டெல்டா சமவெளிதான் என்றாலும், வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரை ரோடுகளில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். வாய்க்கால் பாலங்களில் ஏறி இறங்கும் சரிவும் உண்டு. பாரத்தோடு அங்கே பிரேக் ஏமாற்றினால் நெல் மட்டும் போகாது.

இவ்வகை வண்டிகளின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. மிதியை மிதித்ததும் பிரேக் ஆயில் காலிப்பருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன், பேட் இரண்டையும் டிஸ்க்கின் இரு பக்கமும் இறுக்குகிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்ந்துகொண்டே வரும். ஆகவே தடிமனான புதுப் பேட் உள்ளே நுழைய வேண்டுமானால் பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளியாக வேண்டும். காசு மிச்சம் என்று வீட்டிலேயே இந்த வேலையைச் செய்கிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் இடம். களிமண் தரையில் ஜாக்கி போட்டால் அது புதையும், சாயும். அடியில் கனமான பலகை வைக்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. தூக்கிய பின் ஸ்டாண்டு கொடுக்காமல், வெறும் ஜாக்கியை நம்பி எவரும் அடியில் கை நீட்டக் கூடாது.

அடுத்து ஆயில் டப்பா. பேட் தேய்ந்தபோது அதில் மட்டம் தானாகக் குறைந்திருக்கும். அதைப் பார்த்துப் பலர் இடையில் ஊற்றி நிரப்பி விடுகிறார்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்த ஆயில் திரும்ப ஏறி வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். எனவே மூடியைத் திறந்து கொஞ்சம் வெளியே எடுத்துவிட வேண்டும். டீசலை வாயால் உறிஞ்சுவதுபோல் இதை உறிஞ்சக் கூடாது, இது நஞ்சு. பழைய சிரிஞ்சு போதும். ஆனால் அதை மறுபடி மாட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது. சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவலாம்.

ஒரு சமயத்தில் ஒரு சக்கரம் மட்டுமே பிரிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பேட்டை எடுத்துவிட்டால், ஒரு பிஸ்டனைத் தள்ளும்போது மற்றது வெளியே விழுந்துவிடலாம். பிரிக்காத பக்கம், எது எப்படி இருந்தது என்று பார்க்கவும் உதவும். பேட்டை மட்டும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். கழற்றிய காலிப்பரை ரப்பர் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்கவும். அப்போது எவரும் பிரேக் மிதியை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளவும். பேட் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பழைய பேட்டில் கல்நார் இருக்கக்கூடும்.

சேற்றில் ஓடும் வண்டியில் பிஸ்டனின் வெளிப் பகுதியில் அழுக்குப் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் உள்ளே தள்ளினால், அழுக்கு உள்ளே போய் ரப்பர் சீலைக் கிழிக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்புவது இதைவிட மோசம். பிஸ்டனில் கீறல் விழும், கீறலில் துரு பிடிக்கும், அங்கே ஆயில் கசியும். பழைய பேட்டை பிஸ்டன் மேல் வைத்து, அதன் மேல் சி கிளாம்ப் மாட்டி, மெதுவாக, நேராக முறுக்குவதே சரியான முறை. அடிக்கடி டப்பாவையும் பார்க்க வேண்டும்.

முறுக்கியும் நகரவில்லையா? பலம் காட்டாதீர்கள். காலிப்பரில் உள்ள காற்றுப்போக்கி நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தி, சற்றுத் திறந்து தள்ளிப் பார்க்கவும். இப்போது நகர்ந்தால் கோளாறு ஹோஸிலோ மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. அப்போதும் அசையாவிட்டால் உள்ளே துரு. மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். கிளாம்பைத் தளர்த்துமுன் நிப்பிளை மூடாவிட்டால் காற்று புகும். கம்ப்ரசர் காற்றால் பிஸ்டனைக் கழற்றப் பார்ப்பவர்களின் விரல் நசுங்கிவிடும். அது குண்டுபோல் பாயும்.

பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள சில கார்களில், கை பிரேக்கும் அதே காலிப்பரில் இருக்கும். அந்தப் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே செலுத்த வேண்டும். கிளாம்ப் போட்டால் உடையும். டிராக்டரில் பெரும்பாலும் எண்ணெயில் மூழ்கிய தட்டு பிரேக். இந்த முறை அதற்குப் பொருந்தாது.

ஆயில் விஷயத்திலும் சிக்கனம் கூடாது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்ப்பதுபோல, பிரேக் ஆயிலுக்கும் ஈரம் பகை. டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த எல்லை 140 ஆகிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்தால் ஆவியாகும், மிதி பஞ்சுபோல் போகும். எது ஊற்ற வேண்டும் என்பது டப்பா மூடியிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். என்ஜின் ஆயிலோ டீசலோ துளி கலந்தாலும் ரப்பர் உப்பி, முழு அமைப்பும் பாழ்.

எல்லாவற்றையும் மாட்டிய பின் பிரேக்கைக் கண்டிப்பாகப் பலமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் பேட்டைத் தொடவில்லை. மிதி கெட்டியான பிறகே ஆயில் மட்டம் பார்த்து, மூடியைப் போட்டு, களத்து மேட்டிலேயே மெதுவாக உருட்டி நிறுத்திப் பார்க்கவும். முதல் 200 கிலோமீட்டர் திடீரென்று அழுத்திப் பிரேக் போடாமல் ஓட்டினால் பேட் நன்றாகப் படியும். மூட்டை ஏற்றுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.