பூட்டி நிற்கும் காரும் கரண்ட் குடிக்கும்! தெரியுமா?

ராத்திரி பத்து மணிக்கு காரைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். காலை ஆறு மணிக்கு வந்து கதவைத் திறக்கிறீர்கள். யாரும் தொடாத அந்த எட்டு மணி நேரத்தில் கார் எவ்வளவு கரண்ட் குடித்திருக்கும் தெரியுமா? இன்ஜினை ஐந்து தடவை ஸ்டார்ட் பண்ணும் அளவுக்குக் குடித்திருக்கலாம்!

நம்ப முடியவில்லை அல்லவா? கணக்கைப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். அசுர இழுப்புதான், ஆனால் இரண்டே விநாடியில் முடிந்துவிடும். பூட்டிய காரில் அலாரம், கடிகாரம், உங்கள் ரிமோட் சாவியின் அழைப்புக்காக விழித்திருக்கும் ரிசீவர், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். ‘இதுவரைக்கும் பரவாயில்லை’ என்று மெக்கானிக்குகள் விடும் எல்லையே அதுதான். துளிதான், ஆனால் விடிய விடிய! ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர் என்றால், ஒரே மாதத்தில் காலி. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் போகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது நினைவிருக்கிறதா? அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் வாரக்கணக்கில் கார்கள் அசையாமல் நின்றன. தளர்த்தியபின் சாவியைத் திருகினால் பல கார்களில் ‘டக் டக் டக்’ என்ற சத்தம் மட்டும்தான். செல்ஃப் எடுக்கவில்லை. காரில் கோளாறே இல்லை, நின்றதுதான் கோளாறு!

டிக்கியைச் சரியாக மூடவில்லையா? உள்ளே எரியும் 5 வாட் பல்பு ஒன்றே ஒன்று, மூன்றரை நாளில் அந்த 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியை முழுசாகத் துடைத்துவிடும். அவ்வளவு நாள்கூட வேண்டாம், அதற்கு வெகு முன்பே வண்டி ஸ்டார்ட் ஆகாது.

சரி, காலியானால் மறுபடி சார்ஜ் போட்டால் போச்சு என்கிறீர்களா? இங்கேதான் விஷயமே இருக்கிறது! ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். அன்றைக்கு இருந்த அதே வேதியியல்தான் இன்றைக்கும் உங்கள் பானெட்டுக்குள் இருக்கிறது. கரண்ட் வெளியே போகப் போக, உள்ளே இருக்கும் இரண்டு வகைத் தகடுகள் மீதும் லெட் சல்ஃபேட் படிகிறது. ஆசிட் மெல்ல மெல்லத் தண்ணீராக நீர்த்துப்போகிறது. சல்ஃபேட் படிந்த புதிதில் பொடிப்பொடியாக இருக்கும், சார்ஜ் ஏற்றினால் கரைந்து போய்விடும். ஆனால் பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் போட்டுவைத்தால், பாகில் கற்கண்டு விளைவதுபோல அந்தத் துகள்கள் பெரிய பெரிய படிகங்களாகத் திரண்டு இறுகிவிடும். அதற்குப் பிறகு எந்த சார்ஜருக்கும் அவை லேசில் மசியாது. தகட்டில் அவ்வளவு இடமும் போனது போனதுதான். பேட்டரி கடைக்காரர் ‘சல்ஃபேஷன் ஆயிடுச்சு சார், மாத்திடுங்க’ என்பது இதைத்தான். நல்ல பேட்டரிகள் இப்படி வீணாகப் போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஏனென்றால் இதைத் தடுப்பது அவ்வளவு சுலபம்!

முழு சார்ஜுக்கும் கிட்டத்தட்ட காலிக்கும் இடையே எத்தனை வோல்ட் வித்தியாசம் தெரியுமா? வெறும் அரை வோல்ட்டைவிடக் கொஞ்சம் அதிகம்! சில மணி நேரம் சும்மா நின்ற பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6, 12.7 காட்டினால் நிறைகுடம். 12.4 என்றால் கால் பங்கு போய்விட்டது, உடனே சார்ஜில் போடுங்கள். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ‘பன்னிரண்டு வோல்ட் இருக்கே, போதுமே’ என்று நினைத்தால், அந்த 12.0இல் பேட்டரி முக்கால்வாசி காலி! புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்தான் உயிர்.

இப்போது வருவது சாதாரண ஆச்சரியம் இல்லை. உங்கள் காரை ஸ்டார்ட் செய்வதில் ஐன்ஸ்டீனுக்குப் பங்கு உண்டு தெரியுமா? ஈயம் கனமான தனிமம். அதன் அணுக்கருவில் 82 புரோட்டான்கள். அந்த ஈர்ப்பில் உட்சுற்று எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் சுமார் 60 சதவீத வேகத்தில் பாய்கின்றன. அத்தனை வேகத்தில் சார்பியல் கொள்கையின் விளைவுகள் தலைகாட்டாமல் இருக்குமா? ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் அஹுஜா, ஃபின்லாந்தின் பெக்கா பியூக்கோ உள்ளிட்ட விஞ்ஞானிகள் 2011இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: ஒரு செல் தரும் சுமார் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் வருகிறது! ஆறு செல்லுக்கும் பெருக்கினால், 12 வோல்ட் பேட்டரியில் 10 வோல்ட்டுக்கு மேல் ஐன்ஸ்டீன் கணக்கு. தனிம அட்டவணையில் ஈயத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் வெள்ளீயத்தில் இப்படியொரு பேட்டரி ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தினமும் சாவி திருகுகிற நமக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

பேட்டரியைக் கழற்றி சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். அந்தக் காலத்து மரப்பெட்டி, ரப்பர் பெட்டி பேட்டரிகளுக்கு அந்தப் பயம் நியாயம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு இல்லை. தைரியமாக வையுங்கள்.

தரை ஒன்றும் செய்யாது, வெயில் செய்யும்! சும்மா இருக்கும் பேட்டரி தனக்குத்தானே இழக்கும் சார்ஜ், வெப்பம் 10 டிகிரி ஏற ஏற ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 டிகிரியில் இழப்பதைப்போல நான்கு மடங்கை 40 டிகிரியில் இழக்கும். சித்திரை வெயிலில் தகிக்கும் தகரக் கொட்டகையை யோசித்துப் பாருங்கள். டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கோ நேர்மாறான ஆபத்து. நிறைந்த பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, காலியான பேட்டரியோ மைனஸ் 10ஐத் தொடுவதற்குள் உறைந்து வெடிப்பு விட்டுவிடும். அமிலம் நீர்த்துப்போனதால் வந்த வினை.

‘வாரம் ஒருதரம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கேன்’ என்பார்கள் பலர். அக்கறை உள்ளவர்கள்தான், ஆனால் அது போதவே போதாது! ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழு பலத்தோடு சுற்றாது. அதைவிட முக்கியம், பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும். அது நிரம்பாமலே கிடந்தால் சல்ஃபேஷன் நிதானமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அரை மணி, முக்கால் மணி ரோட்டில் ஓட்டினால் ஓரளவு பலன் உண்டு.

ஓட்ட ஆளில்லையா? பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும், பெரும்பாலான கார்களில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடலாம். எப்போதும் நெகட்டிவை முதலில்தான் கழற்ற வேண்டும், தெரியுமா? காரின் உடம்பு முழுக்க நெகட்டிவ். பாசிட்டிவ் நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டால் பளீரென்று தீப்பொறி! நெகட்டிவைப் பிரித்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பயமில்லை. திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரை விட்டுப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்துப் பொங்கிக் கழன்றுவரும். துடைத்துவிட்டு மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின். கழற்றிய பிறகு ரிமோட் வேலை செய்யாது, அதனால் கதவைத் திறக்கும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே இந்த வேலையில் இறங்குங்கள்.

ஆனால் கழற்றிவைத்தாலும் தானாக இறங்குவது நிற்காது. பல மாதம் நிற்கும் காருக்கு என் ஓட்டு ஃப்ளோட் சார்ஜருக்குத்தான். 14.4 வோல்ட்டை ஒட்டி ஏற்றி, நிறைந்ததும் 13.5 வோல்ட்டை ஒட்டித் தானாகத் தணிந்து, இழப்பதை மட்டும் ஈடுகட்டும். பழைய காலத்துத் தடித்த சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டிவிடாதீர்கள், அது நிறுத்தத் தெரியாமல் ஏற்றி ஏற்றித் தண்ணீரை வற்றவைக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது தீப்பிடிக்கக்கூடியது. காற்றோட்டம் வேண்டும், பீடி சிகரெட் பக்கத்தில் கூடாது. மூடி உள்ள பேட்டரியில் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், ஆசிட் ஊற்றவே கூடாது!

சின்ன சோலார் பேனலும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால், பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்த சாக்கெட் செத்துவிடும். பேனல் வெயிலில் காயும், பேட்டரிக்கு ஒரு துளியும் போகாது.

‘நாங்கள் எலக்ட்ரிக் கார், எங்களுக்கு இந்தக் கவலை இல்லை’ என்கிறீர்களா? பல நூறு வோல்ட் பிரம்மாண்ட பேட்டரி நிறைந்து கிடந்தாலும், அதை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சை இயக்க இன்றைக்கும் பெரும்பாலான எலக்ட்ரிக் கார்களில் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் வேண்டும். அது செத்தால் கார் அசையாது! சில மாடல்கள் பெரிய பேட்டரியிலிருந்து அவ்வப்போது சின்னதுக்குத் தாமே ஊட்டிக்கொள்ளும். உங்கள் மாடல் அப்படிச் செய்யுமா, எவ்வளவு நாளைக்குச் செய்யும் என்பதை ஊருக்குக் கிளம்பும் முன் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.