விதியைத் திருத்திய சபை

தம் பணிமுறையைத் தாமே வகுத்து, காலந்தோறும் ஆராய்ந்து திருத்திக்கொள்வதே தன்னாட்சிக் குழுவின் இலக்கணமாகும். மென்பொருள் வல்லுநர் பதினெழுவர் 2001-இல் வெளியிட்ட 'எஜைல்' கொள்கைகளுள் இதுவும் ஒன்று. இதற்கொரு பழஞ்சான்றை நாம் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இல், அரசாணைப்படி அவ்வூர்ச் சபை வாரியத் தேர்வுக்குக் குடவோலை விதிகளை வகுத்தது. ஈராண்டிற்குள், 921-இல், அவற்றைத் திருத்தியமைத்தது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என மாறியது. குடத்திலிருந்து எடுத்த ஓலையை ஐவிரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்றல் வேண்டும் என்பது முதலாக, ஐயத்திற்கு இடமின்றி நடைமுறை வரையறுக்கப்பட்டது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

எனினும், நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. இன்றோ தேவாலாவில் கொழுந்து பறிக்கும் பெண்களும் சுயஉதவிக் குழுவாய்க் கூடித் தம் விதியைத் தாமே திருத்தலாம். உழைப்பவர் கைக்கு அவ்வுரிமை வந்து சேர்தலே தன்னாட்சியின் நிறைவு என்போம்.