மாதிரிக் கலங்களைப் பொதிந்தனுப்பும் முறை

எமது கல்லூரியின் விழாக்காலப் பொருட்காட்சிகளில் மாணாக்கர் ஆக்கிய மாதிரியுருக்களைக் கண்டு மகிழாத பழைய மாணவர் இலர். தேரும் கோபுரமும் பாய்க்கப்பலும் சிற்றுருக் கொண்டு மேசைமேல் நிற்கும் அழகினைப் பாராட்டுவோர் பலர். அவற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு ஊறின்றிக் கொண்டுசெல்வது எங்ஙனம் என எண்ணுவோர் மிகச் சிலரே. யானும் ஒரு காலத்தில் அதனை எண்ணிப் பார்த்தவனல்லன். தமிழாசிரியனுக்கும் பெட்டி கட்டுந் தொழிலுக்கும் என்ன தொடர்பு என வினவுவோருக்குப் பின்வரும் நிகழ்ச்சியே விடையாகும்.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடியாகிய வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாறிய அக்கலம், நம்மவராகிய மாலுமிகளாற் செலுத்தப்பெற்று, 1938ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அக்கப்பலின் மாதிரியொன்றை எம் மாணாக்கர் மூவர் ஆறு திங்கள் உழைத்து அமைத்தனர். ஏறத்தாழ இரண்டடி நீளமுடைய அதனைக் கொழும்பில் நிகழ்ந்த ஒரு காட்சிக்கு அனுப்பும் பொறுப்பு என்பாற் சேர்ந்தது. பழைய பத்திரிகைத் தாள்களைக் கசக்கி, கலத்தைச் சுற்றி இடைவெளியின்றித் திணித்து, பெட்டியை ஆணியறைந்து மூடினேன். திணிவு மிகுந்தாற் காப்பும் மிகும் என்பது என் துணிபு.

கொழும்பிற் பெட்டியைத் திறந்தபோது பெரிய பாய்மரம் அடியோடு ஒடிந்து கிடந்தது. வெள்ளைப் பாய்களில் அச்சுமை படிந்திருந்தது. ஏற்றிச் சென்றவர்களை நோவது எளிது. ஆயின் பெட்டியின் புறத்தே ஒரு கீறல்தானும் இல்லை. பாய்மரத்தை ஒடித்தது யான் திணித்த தாளேயாம். உண்மைக் கப்பல் உலகின் மறுபாதியைக் கடந்து கரைசேர, அதன் சிற்றுரு கொழும்புவரைதானும் முழுமையாய்ச் செல்லவில்லை. கயிறுகளை ஒவ்வொன்றாய்க் கட்டிய மாணவன் ஒன்றும் பேசாது நின்றான். அவன் பேசியிருப்பின் எனக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

இப்பிழையின் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தேன். பிரயாணத்தில் ஒரு பொதிக்கு நேரும் இடர்களுள் தலையாயது வீழ்ச்சி. 75 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு பெட்டி விழுகின்றதெனக் கொள்வோம். அதனுள்ளிருக்கும் பொருள் 2 மில்லிமீற்றர் தூரத்துள் நிறுத்தப்படுமாயின், வீழ்ந்த தூரத்தை நின்ற தூரத்தாற் பிரித்துக் கிடைக்கும் 375 மடங்கு, புவியீர்ப்பினும் மிக்க விசை அதனைத் தாக்கும். அதே பொருள் 25 மில்லிமீற்றர் அமிழ்ந்து நிற்குமாயின் அத்தாக்கம் 30 மடங்காகக் குறையும். ஆதலின் மெத்தையின் பயன் இறுக்கிப் பிடித்தலன்று; சிறிது தூரம் விட்டுக்கொடுத்து நிறுத்துதலே. கசக்கித் திணித்த தாள் விட்டுக்கொடுப்பதில்லை. மிக மெல்லிய பஞ்சோ முற்றும் அமிழ்ந்து பெட்டியின் அடியிற் பொருளை முட்டவிடும். உட்பெட்டியை மேல்வைத்து அழுத்தினால் ஓரளவு தாழ்ந்து மீண்டும் எழும் நுரைத்தகடே தக்கது.

இரண்டாவது உண்மை இதனினும் முக்கியமானது. கலத்தைத் தாங்கவேண்டிய இடம் அதன் வலிய உடலேயன்றிப் பாய்மரமும் கயிறுமல்ல. ஏராக்கட்டையினூடாக இரு திருகாணிகளைச் செலுத்திக் கலத்தை அடிப்பலகையோடு பிணித்து, அப்பலகையை உட்பெட்டியின் தளத்தோடு பிணித்தல் வேண்டும். பாய்மரங்களைச் சுற்றி வெறும் வெளியே இருத்தல் நன்று. தொடாத ஒன்று ஒடியாது! உட்பெட்டிக்கும் புறப்பெட்டிக்கும் இடையே ஆறு பக்கங்களிலும் ஏறத்தாழ இரண்டங்குல நுரைத்தகடு அமையவேண்டும். உதிரியான நுரைமணிகளை நிரப்புவோருமுளர்; ஊர்தியின் அதிர்வினால் அவை மெல்ல விலக, பாரமான பொருள் அடியில் இறங்கிவிடும். கழற்றக்கூடிய நங்கூரம், சிறுபடகு முதலியவற்றைக் கழற்றித் தனித்தனியே உறையிலிட்டுப் பெயரெழுதி வைத்தல் வேண்டும். ஒட்டு விட்டுப்போன ஒரு சிறு கப்பி, பெட்டிக்குள் உருண்டு திரிந்து ஏனையவற்றையும் கெடுக்கவல்லது. நொடியில் ஒட்டும் பசைகள் இழுவையைத் தாங்குமேனும் திடீர் அடியைத் தாங்கா. ஆதலின் பாரமேறும் மூட்டுக்களில் முளையாணி இட்டபின்னரே பசையிடுக.

வர்ணத்தைப் பற்றியும் சில கூறவேண்டும். எண்ணெய் வர்ணம் ஒரு நாளிற் காய்ந்ததுபோலத் தோன்றினும் உள்ளே இறுக வாரங்கள் பல செல்லும். அதற்குமுன் எதனைச் சுற்றினும் தடம் பதியும். காற்றுக்குமிழித் தாளை நேரே சுற்றினாற் குமிழிகளின் வட்டங்கள் வர்ணத்தில் நிலைத்துவிடும். அமிலமற்ற மென்தாளை முதலிற் போர்த்து, அதன் புறத்தே மற்றையவற்றை இடுதல் முறை. மெதுமையான பீ.வீ.சீ. விரிப்புகளைப் பிளாஸ்ரிக் மாதிரிகளோடு சேர்த்து வைக்கலாகாது. அவற்றினின்று கசியும் நெய்ப்பொருள் பிளாஸ்ரிக்கையும் வர்ணத்தையும் இளக்கிவிடும். இக்காலத்து மாணாக்கர் கணினிகொண்டு அச்சிட்டெடுக்கும் உறுப்புகள் பெரும்பாலும் பீ.எல்.ஏ. என்னும் பொருளாலானவை. அது ஏறத்தாழ 60 பாகை வெப்பத்தில் இளகும். நண்பகல் வெயிலில் மூடிநிற்கும் ஊர்தியினுள் அவற்றை விட்டுவைத்தல் நன்றன்று.

கடல்கடந்து அனுப்புவோர் அறியவேண்டியன வேறுமுள. பச்சைப் பலகையாற் செய்த பெட்டியைப் பல நாடுகள் ஏற்பதில்லை. மரத்தின் உள்ளகம் 56 பாகையில் 30 நிமிடம் வெப்பமூட்டப்பெற்று, அதற்குரிய முத்திரை பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒட்டுப்பலகை இவ்விதிக்கு விலக்கு. ஆதலின் ஒட்டுப்பலகைப் பெட்டியே நமக்கு எளிது. சுங்க அதிகாரிகள் பெட்டியைத் திறத்தல் கூடும். ஆணியறைந்த மூடியைக் கம்பியால் நெம்பும்போது நேரும் அதிர்ச்சி வீழ்ச்சியினும் குறைந்ததன்று. மூடிக்குத் திருகாணியே இடுக. உட்பொருளைத் திரும்ப வைக்கும் ஒழுங்கைக் காட்டும் புகைப்படமொன்றை மூடியின் உட்புறத்தில் ஒட்டுக. அனுப்புமுன் கலத்தை நாற்புறமும் படமெடுத்து வைத்தல், பின்னர் எழும் பிணக்கைத் தீர்க்கும்.

ஈரக் காற்றில் இயற்கை நூற்கயிறு சுருங்கி இறுகும். இறுகிய கயிறு பாய்மரத்தை வளைக்கும். குளிர்நாட்டு வீடுகளின் உலர்ந்த காற்றிலோ மரம் சுருங்கி வெடிக்கும். எனவே கயிற்றைச் சிறிது தளர்த்தி, பொலித்தீன் உறையால் உட்பெட்டியை மூடி, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகள் சிலவற்றை அதனுள் இடுதல் தக்கது. உறை திறந்திருப்பின் அப்பொதிகளாற் பயனில்லை.

இவ்வாண்டு விழாவையொட்டி அதே கலத்தின் இரண்டாவது மாதிரியைக் கடல்கடந்து வாழும் பழைய மாணவர் கேட்டெழுதினர். முன்னைய கயிறுகளைக் கட்டிய மாணவனே, இப்போது இளைஞனாய், வந்து இதற்கும் கட்டித் தந்தான். பெட்டியை மூடுமுன் வெறும் பெட்டிக்குள் அதேயளவு பாரமுள்ள செங்கல்லொன்றை அடிப்பலகையிற் பிணித்து, அதன்மேல் மெல்லிய ஈர்க்குகளை நட்டு, மேசை உயரத்திலிருந்து மும்முறை விழவிட்டோம். முதன்முறை இரண்டு ஈர்க்குகள் ஒடிந்தன. மூலைகளில் நுரைத்தகட்டை மாற்றியபின் ஒன்றும் ஒடியவில்லை. பெறுவோருக்கு எழுதிய கடிதத்தில், பெட்டியை ஒரு நாள் திறவாது அறையில் வைத்து, அறையின் வெப்பநிலையை அது அடைந்தபின் திறக்குமாறு வேண்டினோம். கடிதத்தோடு ஒரு முழம் நூலையும் இரு கப்பிகளையும் சிறு உறையிலிட்டு அவன் சேர்த்துவைத்தான்.