‘படுக்கையில விழாம போயிரணும்’

எழுபதைத் தாண்டியவர்களிடம் சாவைப் பற்றிப் பேச்செடுத்தால், “வர்றப்ப வரட்டும், அதுக்கென்ன” என்பார்கள் பலர். அடுத்த மூச்சிலேயே, “கையும் காலும் நல்லா இருக்கும்போதே போயிரணும். படுக்கையில விழுந்து யாருக்கும் பாரமா கெடக்கக் கூடாது” என்பார்கள். சாவு பற்றிய பயம் வேறு, சாகும் விதம் பற்றிய பயம் வேறு. உளவியலாளர்களும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறார்கள்.

மரண பயத்தை அளக்க அமெரிக்க உளவியலாளர் டொனால்டு டெம்ப்ளர் 1970இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். 15 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று சொன்னால் போதும். அதன்பின் ஆய்வுகள் குவிந்தன. முதியோரைப் பற்றிய ஆய்வுகளை ஆய்வாளர்கள் ஃபோர்ட்னர், நீமையர் இருவரும் 1999இல் தொகுத்துப் பார்த்தார்கள். உடல் நோயும் மனத் துன்பமும் கூடக் கூட பயமும் கூடுகிறது. வாழ்ந்த வாழ்க்கையை எண்ணி நிறைவு காண முடியாதவர்களுக்கும் அது அதிகம்.

பக்தி இருந்தால் பயம் போய்விடாதா? ஆய்வாளர்கள் விங்க், ஸ்காட் இருவரும் கலிஃபோர்னியாவின் முதியவர்களிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு வேறு சேதி சொல்கிறது. ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்களுக்கும் நம்பிக்கையே இல்லாதவர்களுக்கும் பயம் குறைவு. நடுவில் நிற்பவர்களுக்கே அதிகம். மறுமை உண்டு என்று நம்பிக்கொண்டு, வழிபாட்டில் ஒட்டாமல் இருப்பவர்கள்தாம் கூடுதலாகக் கலங்கினார்கள். ‘நான்’ என்பதே மாயை என்று பயின்ற திபெத்தியத் துறவிகளிடமே, தான் இல்லாமல் போவது பற்றிய பயம் மற்றவர்களைவிட மிகுந்திருந்ததாக 2018இல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. பயந்துபோன பெரியவரிடம் “சாமியைக் கும்பிடுங்க, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தப் பெரியவர் பெரும்பாலும் பயப்படுவது வலிக்கும், தனிமைக்கும், பிள்ளைகள் முகம் சுளிப்பதற்கும். இவை மூன்றிலும் பிறர் கைகொடுக்க முடியும். கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் தொடங்கியது. அதிலிருந்து கிளைத்து, மலப்புறம் பகுதியில் ஊர்க்காரர்களே நடத்தும் வலைப்பின்னல் வளர்ந்தது. தாதியும் தன்னார்வலர்களும் வீடு தேடிப் போகிறார்கள். தாதி படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுகிறார், சிறுநீர்க் குழாயைப் பார்க்கிறார், வலிக்கு மார்ஃபின் மாத்திரை எவ்வளவு போகிறது என்று கணக்கெடுக்கிறார். கூட வந்தவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறார். வீட்டில் அரிசி தீர்ந்திருந்தால் அதையும் கவனிக்கிறார்கள். இரவெல்லாம் கண்விழித்த மருமகளுக்கும் சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. அந்த ஓய்வை நான் சிறிதாக நினைக்கவில்லை. பார்த்துக்கொள்பவர் முகம் தெளிந்தால், ‘பாரமாகிவிட்டோம்’ என்ற எண்ணமும் படுத்திருப்பவருக்குக் கொஞ்சம் தளரும்.

2008இல் கேரள அரசு இந்த ஆதரவுச் சிகிச்சையைத் தன் கொள்கையாகவே ஏற்றது. இன்று அங்கே உள்ளாட்சி அமைப்புகள் வழியாக இந்த வீட்டுப் பராமரிப்பு நடக்கிறது. மலப்புறத்து வலைப்பின்னலில் தன்னார்வலராவதற்கு 16 மணி நேர வகுப்பும் 4 நாள் நேரடிப் பயிற்சியும் போதும். போகிற வீட்டில் முதலில் கேட்க வேண்டியது வலியைப் பற்றி. கடவுள், மறுமை பேச்செல்லாம் பெரியவர் தாமாக எடுத்தால் மட்டுமே.